விசாலாக்ஷியின் கை

"சார், மூக்கை விடுங்க. இத்தோட ஒன்பது தடவை!"

ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் ஒரு பர்த்டே பார்ட்டி. பேப்பர் தட்டும் கையுமாக நின்ற சிவராமகிருஷ்ணன் திருதிருவென்று விழித்தார். அவர் மூக்கைச் சொறிந்ததை எண்ணிக்கொண்டிருந்தவர் விசாலாக்ஷி. பிரியாணி சாப்பிட்டபடியே நாலு பேர் கையைக் கண்காணிக்கிற பெண்மணி. "ஒரு மணி நேரத்துல இருபது தடவை மூஞ்சியத் தொடறீங்க எல்லாரும். சும்மா சொல்லல, கவுன்ட் பண்ணியிருக்கேன்."

ஹூஸ்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு. நர்ஸ். அங்கேயே லேபில் வேலை பார்க்கிறவன் நான் என்பதால் இவர் அட்டகாசம் எனக்கு வாரத்தில் ஐந்து நாள். பார்ட்டி இருந்தால் ஆறு. எபோலா மாதிரி நோயோடு யாராவது வந்தால் உள்ளே போக அங்கே தனி டீம் உண்டு. விசாலாக்ஷி தானாகப் போய்ப் பேர் கொடுத்தார். "உனக்கு ஏன்டி இந்த வேண்டாத வேலை?" என்று சென்னையிலிருந்து அக்கா ஷ்யாமளா போனில் அழுதாராம். "பேஷண்ட்டெல்லாம் தனியா கிடப்பாங்கக்கா. கண்ணாடிக்கு வெளிய நின்னு வேடிக்கை பாக்கவா நர்ஸ் ஆனேன்?" என்று கேட்டிருக்கிறார் இவர்.

எபோலாவைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். "அது காத்துல பறந்து வராதுங்க. ரத்தம், வாந்தி இதெல்லாம் கிளவுஸ்ல ஒட்டும், அந்த கிளவுஸ் கண்ணுக்குப் போகும். உள்ள இருக்கறப்போ எல்லாரும் உஷார். வெளிய வந்து டிரெஸ்ஸைக் கழட்டறப்போதான் நர்ஸ் மாட்டறா." மாட்டினால் சலைன், ஆன்டிபாடி மருந்து, கண்ணாடி அறையில் தனிவாசம். "அந்த மருந்தும் ஒரு வகைக்குத்தான். இன்னொரு வகை வந்துச்சுன்னா சலைனும் சாமியும்தான்!"

இவ்வளவு பேசுகிறவர் டீமில் சேர்வதற்கான டெஸ்டில் இரண்டு முறை ஃபெயில். கவச உடை முழுக்க ஒளிரும் திரவத்தைப் பூசி, கழற்றச் சொல்வார்கள்; தோலில் ஒரு சொட்டு ஒட்டினாலும் ஃபெயில். ஒவ்வொரு படியையும் உரக்கப் படித்துக் கண்காணிப்பவர் பிரெண்டா, டெக்சாஸ்காரர். முகமூடி கழற்றியாயிற்று, பூட்ஸ் உறையும் உள் கிளவுஸும் மட்டும் பாக்கி. பூட்ஸ் உறையை உருவும்போது இவர் கால் பிரெண்டாவின் காலில் பட்டுவிட்டது. நம்மூர்க் கை சும்மா இருக்குமா? பிரெண்டாவைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். விளக்கைப் போட்டால் இமை இரண்டும் பச்சைப் பசேலென்று ஜொலிக்கிறது! "வாட் வாஸ் தட்?" என்று பிரெண்டா அலற, "ரெஸ்பெக்ட்" என்றாராம். அடுத்த தடவையும் அதே ரெஸ்பெக்ட். இன்னொரு முறை தவறினால் டீமில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் வீட்டில் ஒரு மாதம் பயிற்சி. சமைக்கும்போது மகள் மானஸா வேண்டுமென்றே வந்து காலில் இடிப்பாள். "அம்மா, ஹேண்ட்ஸ்!" என்று கத்துவாள். மூன்றாவது முறை பாஸ்.

போன மாதம் நிஜமாகவே ஒருவர் வந்தார். ஆப்பிரிக்காவில் எபோலா வார்டில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய டாக்டர், கடும் காய்ச்சல். மறுநாள்தான் மலேரியா என்று தெரிந்தது. அன்று யாருக்கும் தெரியாது. நான் ரத்த சாம்பிளுக்காகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். மூன்று மணி நேரம் உள்ளே இருந்துவிட்டு விசாலாக்ஷி தள்ளாடிக்கொண்டு வந்தார். பிரெண்டா படிக்கப் படிக்க ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசியில் பூட்ஸ் உறை. கால் தடுமாறி பிரெண்டாவின் காலில் நன்றாகவே மிதித்துவிட்டார்.

கை கிளம்பியது. அது நெஞ்சுவரைக்கும் வந்து நின்றது. பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி, "ரீட், பிரெண்டா" என்றார். அப்பாடா! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

குளித்து, சுடிதார் மாற்றி, ஈரத்தலையோடு வந்தவர் நேரே காபி மெஷின் பக்கம் போனார். அங்கே பிரெண்டா கோப்பையோடு நின்றிருந்தார். விசாலாக்ஷி பிரெண்டாவின் தோளைத் தொட்டு, அந்த விரல்களை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.