மஃரிபுக்கு முந்திய பாங்கு

எங்கள் உள்ளூர்த் தொலைக்காட்சிக்கு இதுவரை மூன்று பேர் சொந்தக்காரர்களாக இருந்திருக்கிறார்கள். முதலாமவரைக் காக்கா என்றும், இரண்டாமவரை ஹாஜியார் என்றும், இப்போது இருப்பவரை முதலாளி என்றும் கூப்பிட்டுப் பழகிவிட்டேன். மூன்று பேரிடமும் வேலை செய்தவன் நான் ஒருவன்தான். மேசை, கதிரை, மின்விசிறி எல்லாம் கைமாறியபோது என்னையும் சேர்த்துக் கைமாற்றினார்கள் என்று கூட்டாளிமாரிடம் பகிடி விடுவேன். சென்ற நோன்பிலிருந்து அந்தப் பகிடியை விடுவதில்லை.

காக்கா தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை இயக்கம் விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர். புத்தளத்தில் நாங்கள் அண்ணனை நானா என்போம். அவருடைய சனம் காக்கா என்னும். அவருடைய வீடியோக் கடையில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் என் வாயிலும் காக்கா ஒட்டிக்கொண்டது. கடையில் ஓடும் படத்தை அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று பார்ப்பதைக் கண்டு, ஏன் நிற்கிறீர்கள், உங்கள் வீட்டிலேயே பாருங்கள் என்று தென்னைக்குத் தென்னை வயர் இழுத்தார். அதுதான் தொடக்கம். பிறகு ஒரு கமரா வாங்கினார். மௌத்தானவர்களின் மரண அறிவித்தல், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, மத்ரஸாப் பரிசளிப்பு என்று ஊரையே ஊருக்குக் காட்டினோம். ஆடு காணாமல் போனால் முதலில் எங்களிடம் வந்து சொல்லுவார்கள்; அதற்குப் பிறகுதான் தேடப் போவார்கள்.

நோன்பு மாதத்தில் காக்கா வேறு ஆளாகிவிடுவார். பெரிய பள்ளிவாசலின் ஒலிபெருக்கியிலிருந்து எங்கள் அறை வரைக்கும் ஒரு தனி வயர் இருந்தது. சூரியன் மறைந்ததும் மோதினார் மஃரிபுத் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லத் தொடங்கும் அதே கணத்தில் அது வீடுகளில் கேட்க வேண்டும்; அதைக் கேட்டுத்தான் நோன்பு திறப்பார்கள். அந்த வயரை எலி கடிக்கும், மழை நனைக்கும், பாங்கு கரகரவென்று வரும். ஒரு நல்ல பாங்கைப் பதிவு செய்து வைத்துக்கொண்டால் என்ன என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். காக்கா ஏணியில் நின்றபடியே ஏசினார்.

"ஊர் முழுக்க எங்கட சத்தத்த நம்பித்தான் பேரீச்சம்பழத்த வாயில வைக்குது. கரகரத்தா என்ன, கத்தினா என்ன? ஆள் ஒருத்தர் நேரம் பார்த்துச் சொல்லணும்."

களப்பு என்கிற கடலேரியின் ஓரத்தில், கரைத்தீவுக்குப் போகும் வழியில் அவருடைய சனத்தின் குடியேற்றம் ஒன்று இருக்கிறது. அவருடைய வீடும் அங்கேதான். அங்குள்ள சின்னப் பள்ளியின் மோதினார் எங்கள் டீவியில் பாங்கு தொடங்கியதும்தான் எழுந்து தன்னுடைய பாங்கைச் சொல்லுவார். அவரைப் பொறுத்தவரை எங்கள் டீவிதான் கடிகாரம். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

காக்காவுக்கு இரத்தத்தில் சீனி கூடி வருத்தம் முற்றியபோது டீவியை ஹாஜியார் வாங்கினார். அவர் உப்பளக்காரர், தேர்தலில் நிற்கிற ஆசை. காலையில் அவருடைய முகம், மாலையில் அவருடைய முகம், இடையில் அவர் திறந்து வைத்த கிணறு. ஆனால் பள்ளிக்குப் போகிற வயரை மட்டும் அவர் தொடவில்லை. அது இறையச்சமா, வாக்குப் போய்விடும் என்ற அச்சமா என்று நான் ஆராயப் போகவில்லை. தேர்தலில் தோற்றார், டீவியும் அவருக்குப் புளித்துப் போயிற்று.

பிறகு கொழும்பிலிருந்து முதலாளி. நல்ல மனிதர்தான், தொழாமல் இருக்கமாட்டார். ஆனால் அவர் பார்த்ததெல்லாம் கணினியில் ஓடக்கூடிய ஒரு தொழிலை. கமராக்காரப் பிள்ளைகளை அனுப்பிவிட்டார். அறையில் நானும் கணினியும் மிஞ்சினோம். "இந்தக் கரகரச் சத்தம் என்னத்துக்கு? எவ்வளவு அழகான குரல்கள் இரிக்கி" என்று சொல்லி, வெளிநாட்டுப் பள்ளியொன்றில் பதிவான பாங்கைப் படங்களோடு அனுப்பினார். நேரத்தைக் கணினியில் போட்டு வைத்தால் அது தானாகவே ஓடும். பள்ளி வயரைச் சுருட்டி அலுமாரியின் மேல் வைத்தது நான்தான். காக்காவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது. போகவில்லை. ஏணியில் ஏறுகிற வேலை மிச்சம் என்று உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமும் இருந்தது.

சென்ற நோன்பில் ஒருநாள் பின்னேரம் நல்ல மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. கணினி தன் நேரத்தை மறந்துவிட்டது. உள்ளே இருக்கிற பற்றரி செத்துப்போய்க் கனகாலம். இன்டர்நெட்டும் இல்லை. நான் என்னுடைய கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைப் போட்டேன். பள்ளியில் ஜமாஅத்துத் தொழுகைக்குப் பிந்திவிடக்கூடாது என்பதற்காகக் கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னுக்கே வைத்திருப்பது என் பழக்கம். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் வைத்திருப்பார்கள். அந்த அவசரத்தில் அது என் நினைவுக்கே வரவில்லை. நோன்பு வயிறு, மழை, கஞ்சிக் கோப்பைக்குப் போட்டு வைத்த மூடி, எல்லாவற்றையும் பார்த்தவன் அதைப் பார்க்கவில்லை.

பாங்கு ஓடியது. நானும் நோன்பு திறந்தேன். கஞ்சியைப் பாதி குடித்து முடித்திருப்பேன். ஜன்னலுக்கு வெளியே பெரிய பள்ளியின் பாங்கு எழுந்தது. வாயில் இருந்த கஞ்சியை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் நின்றேன். கைபேசி அடிக்கத் தொடங்கியது.

"என்ன நானா, உங்கட டீவில பாங்கு முந்திட்டே!"

முதலாளிக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். அடியில் எழுத்து ஓடவிட்டு, எங்கள் பாங்குக்கு நோன்பு திறந்தவர்கள் கழாச் செய்ய வேண்டும் என்று அறிவிக்கலாமா என்று கேட்டேன். நோன்பு நாளொன்று பழுதானால் பிறகு ஒருநாள் பிடித்து ஈடு செய்வதைத்தான் கழா என்கிறோம். முதலாளி கேட்டுவிட்டுச் சொன்னார்:

"வேணாம். பள்ளில செல்லுவாங்கதானே? நாங்களே எங்கட வாயால செல்லி டீவிட பேர நாறடிக்கிறதா?"

நானும் ஓம் என்றேன். இதை எழுதும்போது அந்த ஓம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கூடுதலாக உறுத்துகிறது. கடிகாரம் பிழையாய்ப்போனது கைத்தவறு. ஓம் என்றது நான் தெரிந்தே சொன்னது.

டவுனில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தராவீஹ் இரவுத் தொழுகைக்குப் பிறகு பெரிய பள்ளியில் அறிவித்தார்கள். தேத்தண்ணிக் கடையில் என் கையைப் பிடித்துத் திருப்பி, "இண்டைக்கி எத்தின மணிக்கி நானா திறக்கிற?" என்று வைத்து வாங்கினார்கள். பகிடியோடு அவர்களுக்கு அது முடிந்தது. ஆனால் பெரிய பள்ளியின் அறிவித்தல் களப்போரக் குடியேற்றத்துக்குக் கேட்காது. அன்றைக்கு மேகம் மூடியிருந்ததால் அங்கே யாரும் சூரியனைக் கண்டிருக்கவும் முடியாது. அந்தச் சின்னப் பள்ளியின் மோதினார் என்னை நம்பி எழுந்து, தன் சனம் முழுவதையும் எனக்குப் பின்னால் நோன்பு திறக்கவைத்திருந்தார்.

அவரிடம் சொல்லிவிட்டு வருவோம் என்றுதான் மறுநாள் போனேன். வழியில் காக்காவின் வீடு. வாசலில் அவருடைய மகள் நின்றாள்.

"நானா, வாப்பா நேத்து நோன்பு புடிச்சவர். டொக்டர் வேணாமெண்டு சொல்லியும் கேக்கல்ல. இந்த வருசம் ஒண்டே ஒண்டாவது எண்டு நிண்டு புடிச்சிட்டார்."

உள்ளே காக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். வருத்தத்தில் பாதி ஆளாகிவிட்டவர் அன்றைக்குப் பெருநாள் உடுப்புப் போட்ட பிள்ளை மாதிரி இருந்தார்.

"தம்பி, ஒண்டு புடிச்சிட்டேன். உன்ட பாங்குக்குத்தான் திறந்த நான். வேற பாங்குக்கு நான் திறப்பனா?"

நான் சிரித்தேன். மோதினாரிடம் போகாமலேயே திரும்பி வந்துவிட்டேன். மோதினாருக்குச் சொன்னால் அது பின்னேரத்துக்குள் காக்காவின் காதுக்குப் போகும். போனால் அவர் மறுபடியும் ஒரு நோன்பு பிடிப்பார். அந்த உடம்பு அதைத் தாங்குமா? சொல்லாமல் விட்டால் ஒரு குடியேற்றமே பழுதான நோன்பை நல்ல நோன்பென்று எண்ணிக்கொண்டிருக்கும். மௌலவி ஒருவரிடம் ஆளைச் சொல்லாமல் கேட்டேன். நோயாளி திரும்பப் பிடிக்கத் தேவையில்லை, ஏழைக்கு அரிசி கொடுத்தால் போதும் என்றார். பிறகு, "மத்தாக்கள் இரிக்காங்களே, அவங்களுக்குச் செல்லத்தானே வேணும்?" என்றார். ஓம், செல்லத்தான் வேணும் என்று அவரிடமும் ஓம் போட்டுவிட்டு வந்தேன். நோன்பு மாதம் முடியும் வரைக்கும் சொல்லவில்லை. காக்காவின் உயிருக்காக வாயை மூடிக்கொண்டிருப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. இந்த வயதில் வேலை போனால் எங்கே போவேன் என்பதுதான் மற்றப் பாதி.

பெருநாளன்று ஸலாம் சொல்லப் போனேன். வீடு நிறைய ஆட்கள். காக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் எல்லோருக்கும் காட்டினார். "இவர்ர பாங்குக்குத்தான் நான் இந்த வருசம் நோன்பு திறந்த." மகள் தந்த வட்டிலப்பத்தைத் தட்டோடு கீழே வைத்தேன். எனக்கு என்மேல் அப்படியொரு அருவருப்பு வந்தது. எல்லோரும் போகும்வரை உட்கார்ந்திருந்து சொல்லிவிட்டேன். மழையை, கடிகாரத்தை, சுருட்டி வைத்த வயரை, எல்லாவற்றையும்.

அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"கீழ எழுத்து ஓடவிட்டியா?"

"இல்ல காக்கா. முதலாளி வேணாமெண்டு..."

"நான் முதலாளியா இருந்தநேரம் நான் சொன்னதெல்லாம் நீ கேட்டியா?"

உண்மைதான். அவரோடு நான் சண்டை பிடிக்காத நாளில்லை. அந்த மனிதரிடம் அவ்வளவு வாய் காட்டினவன், கொழும்பிலிருந்து வருகிற ஒரு தொலைபேசிக் குரலுக்குப் பூனைக்குட்டியாகியிருந்தேன்.

அவர் மோதினாரைக் கூப்பிட்டனுப்பினார். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு சின்னப் பள்ளியில் அறிவித்தார்கள். அரிசி கொடுத்தால் போதுமாம் என்று மௌலவி சொன்னதை நான் மெதுவாக எடுத்தேன். "அது எனக்கும் தெரியும்" என்று மட்டும் காக்கா சொன்னார். மகள் என்னை வாசல் வரைக்கும் துரத்திவந்து சன்னமாக ஏசினாள்.

"சொல்றதெண்டா அண்டைக்கே சொல்லியிருக்கணும். இல்லாட்டி சாகும்வரைக்கும் சொல்லாம இருந்திருக்கணும். இவ்வளவு நாளும் சந்தோசமா இருந்த மனுசன்ட சந்தோசத்தப் புடுங்கி என்னத்தக் கண்டீங்க?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தேன்.

காக்கா கழா நோன்பு பிடித்த நாளில் மத்தியானமே போய்விட்டேன். போகாமல் அறையில் கணினிக்கு முன்னால் இருக்க முடியவில்லை. அவருடைய உதடு வெடித்திருந்தது. கண் செருகிச் செருகி வந்தது. மகள் ஈரத்துணியால் அவருடைய காலைத் துடைப்பாள், என்னைப் பார்ப்பாள், மறுபடி துடைப்பாள். இடையில் ஒருமுறை அவருக்குத் தலை சுற்றியது. போதும் காக்கா, திறந்துவிடுங்கள் என்று கையைப் பிடித்தேன். கையை மெல்ல விலக்கிக்கொண்டார்.

பொழுது சாய்ந்தது. பிள்ளைகளுக்காக டீவி ஓடிக்கொண்டிருந்தது, எங்கள் டீவிதான். புதுப் பற்றரி போட்டு, வானொலியோடு ஒத்துப் பார்த்து, அன்று காலையில் நானே நேரத்தைச் சரி செய்துவிட்டு வந்திருந்தேன். மகள் ஒரு தட்டில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் வைத்தாள். அழகான அந்தப் பாங்கு தொடங்கியது.

"காக்கா, இது சரியான நேரம். நான் வடிவாப் பார்த்துத்தான் வச்ச" என்றேன்.

அவர் தட்டைப் பார்க்கவில்லை.

"மகள், அதக் கொஞ்சம் நூத்து."

தானே கட்டிய தொலைக்காட்சியைத்தான் அணைக்கச் சொன்னார். அவள் அணைத்தாள். நான் எழுந்து வாசலுக்கு நடந்தேன். களப்புப் பக்கம் சூரியன் மறைந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வந்து சொல்லலாம் என்று.

"நீ இரு தம்பி" என்றார். குரலில் கோபமே இல்லை. "மகள் பார்த்துட்டு வரட்டும்."

அவள் என்னைத் தாண்டிப் போனாள். வெளியே வேலியருகில் நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்ப்பது தெரிந்தது. தண்ணீர்க் கோப்பை அவருடைய கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். நான் கதவடியில் நின்றுகொண்டிருந்தேன்.

"மறைஞ்சிட்டுது வாப்பா" என்று அவள் வந்து சொன்ன பிறகுதான் அவருடைய கை பேரீச்சம்பழத்துக்குப் போனது.