கேக்கைத் தூக்கிச் செல்பவள்

என் பெரிய சித்திக்குக் கோபம் வந்தால் வெங்காயத்தைப் பொடியாக நறுக்குவாள். பொறாமை வந்தால் இன்னும் பொடியாக. அந்த வாரம் அவள் நறுக்கிய வெங்காயம் கண்ணுக்கே தெரியவில்லை.

சித்தப்பாக்கள் இருவரின் மனைவிகளும் ஒரே விழா மண்டபத்தின் சமையலறையில்தான் வேலை செய்கிறார்கள். சின்ன சித்தியை அங்கே சேர்த்துவிட்டதே பெரிய சித்திதான். அதை யாரிடமாவது சொல்லாமல் அவளுக்குப் பொழுது போகாது.

குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்ட வருடத்துக்கு ஒருமுறை அந்த மண்டபத்தில் விருந்து நடக்கும். நாங்கள் இருக்கும் பிரான்ஸின் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு மேசை. அந்த வட்டாரத்துச் சாப்பாடு, பின்னால் சுவரில் அங்குள்ள பழைய கட்டடங்களின் படங்கள். கடைசியில் விளக்கை மங்கலாக்கிவிட்டு, ஏதாவது ஒரு வட்டாரத்தின் கேக்கை, அதைச் செய்தவளே தூக்கிக்கொண்டு எல்லா மேசைகளையும் சுற்றி வருவாள். எல்லோரும் எழுந்து கைதட்டுவார்கள். மற்ற நாட்களில் சமையலறைக் கதவைத் தாண்டாத பெரிய சித்திக்கு அந்த ஒரு சுற்றுதான் எல்லாமே. இத்தனை வருடமும் அவள்தான் தூக்கினாள்.

இந்த முறை அல்சாஸ் வட்டாரத்தின் கேக். தலைப்பாகை மாதிரி உயரமாக, நடுவில் ஓட்டையோடு இருக்கும். அதைச் சுடுகிற மண் அச்சை, அங்கே ஒரு பேக்கரியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது நான்தான் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தேன். புது மண்சட்டியைப் போல அதையும் பழக்க வேண்டும். வெண்ணெய் பூசிச் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி பூச வேண்டும். இல்லையென்றால் கேக் ஒட்டிக்கொள்ளும். பெரிய சித்தி பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல அதைப் பழக்கி வைத்திருந்தாள்.

அப்போதுதான் விருந்தை நடத்தும் சங்கத்தின் தலைவி வந்து, எல்லோருக்கும் ஒரு வாய்ப்பு தர வேண்டும், இந்த வருடம் சின்னவள் செய்து சின்னவளே தூக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய சித்திக்கு நார்மண்டி மேசையின் ஆப்பிள் டார்ட் கிடைத்தது.

"கேக்கைத் தூக்கிட்டுப் போறதுக்கு ஒரு நடை வேணும்டி," என்றாள் என்னிடம். "அவ ஓடுற பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி நடப்பா."

சின்ன சித்தியோ பாவம், புதுச் செருப்பு போட்டுக்கொண்டு, காலித் தட்டோடு அடுப்படியில் நடந்து பழகினாள். "அக்கா, இப்படிப் போனா சரியா இருக்கா?" என்று பெரியவளிடமே போய்க் கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றாள் பெரியவள். வெங்காயம் இன்னும் பொடியானது.

விருந்தன்று காலை நடந்ததைப் பெரிய சித்தியே பிறகு என்னிடம் சொன்னாள். சின்ன சித்திக்குப் பிசுக்கு என்றாலே ஆகாது. அச்சைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தவள், வெந்நீரும் சோப்பும் போட்டு, நாரால் பறபறவென்று தேய்த்துக் கவிழ்த்துவிட்டாள். பழக்கியதெல்லாம் நுரையோடு போனது. பெரிய சித்தி ஆப்பிள் சீவியபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தடுக்கவில்லை.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்," என்றாள். "கேக்கலையே."

மாலையில் அச்சைக் கவிழ்த்தபோது கேக்கில் பாதிதான் வந்தது. உச்சியின் ஒரு பக்கம் அச்சிலேயே நின்றுவிட்டது. சின்ன சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பெரிய சித்தி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவிக்கொண்டே இன்னொரு கையால் தன் ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஆப்பிள் டார்ட் பளபளவென்று தயாராக இருந்தது. தலையைக்கூட வாரியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து நிகழ்ச்சி அறிவிப்பாளர் உள்ளே வந்தார். கேக்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இது சுவத்துல மாட்டியிருக்கிற இடிஞ்ச கோட்டை மாதிரியே இருக்கே. சர்க்கரையைத் தூவுங்க, பனி பெஞ்ச மாதிரி இருக்கும். அப்படியே கொண்டு வாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சின்ன சித்தி தூக்கிப் போனாள். பஸ்ஸைப் பிடிக்கிற நடைதான். மலை மேல் சிதைந்து நிற்கும் கோட்டை என்று ஒலிபெருக்கி சொன்னதும், மண்டபமே எழுந்து நின்றது. மேசைக்கு மேசை நிறுத்தி அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். பரிமாற உதவிக்கு வந்திருந்த என் கையில் காலித் தட்டுகள். சமையலறைக் கதவின் வட்டக் கண்ணாடியில் பெரிய சித்தியின் மூக்கு அழுந்தியிருந்ததைப் பார்த்தேன்.

போகும்போது சங்கத் தலைவி, அடுத்த வருடமும் கோட்டைதான், அதைவிடப் பெரிதாக வேண்டும் என்றாராம். யார் செய்வது என்பதை மட்டும் சொல்லவில்லை.

மறுவாரம் மண்டபத்துக்குப் போனேன். சின்ன சித்திக்கு அன்று லீவு. பெரிய சித்தி தொட்டியடியில் முழங்கை வரை நுரையோடு நின்று, அந்த மண் அச்சைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பிசுக்கு," என்றாள், திரும்பாமலே.