உட்கார்ந்து பார்க்காத டேலியோ

டேலியோ சாம்பல் நிற வண்டியின் முன்னால் குந்தி, தலையை இடது தோளில் சாய்த்து, எஞ்சினின் அடிவயிற்றைப் பார்க்கிறார். ஆள்காட்டி விரலால் ரேடியேட்டரின் ஓரத்தை இரண்டு தட்டு தட்டுகிறார். காது கொடுத்துக் கேட்கிறார். பிறகு எழுந்து, நான்கடி தள்ளி நிற்கும் சிவப்பு வண்டியிடம் போய் அதே குந்தல், அதே தட்டல். செருப்புக்குப் பேர்போன மரிக்கினா ஊரின் பெரிய தெரு ஷோரூமில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இந்த வழிபாடு தொடங்கும். மூன்று வருஷமாகத் தவறியதில்லை.

விற்பனைப் பெண் ரோவேனாவுக்குத் தன்னைவிட மூத்த ஆண்கள் எல்லோரும் கூயாதான், அண்ணன் முறை. அவளும் மூன்று வருஷமாக ஒரே வசனத்தைச் சொல்கிறாள்.

"சும்மா ஏறி உக்காந்து பாருங்களேன் கூயா. காசா பணமா?"

"உக்காந்தா என்னம்மா தெரியும்? உக்கார்றது எவன் வேணாலும் உக்காருவான். வண்டி வாங்குறது இங்க" என்று நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டுவார் டேலியோ. அவள் துணியை எடுத்துக்கொண்டு அவர் விரல் பட்ட இடத்தைத் துடைக்கப் போய்விடுவாள்.

இரண்டும் சட்டை போடாத ரகம். முன்னால் கவசத் தகடு கிடையாது. எஞ்சின், குழாய், சட்டம் எல்லாம் வெட்டவெளிச்சம். இரண்டும் நானூறு சிசி. அதற்குக் கீழே என்றால் விரைவுச்சாலைக்குள் விடமாட்டார்கள்; அதற்கு மேலே என்றால் டேலியோவின் சம்பளம் விடாது. சிவப்புக்கு ஒற்றை சிலிண்டர், சாம்பலுக்கு இரட்டை. வாங்குவதற்கான பணம் கூட்டுறவுச் சங்கத்தில் மூன்று வருஷமாகத் தூங்குகிறது. தூங்காதது டேலியோ மட்டும்தான்.

அவருக்கு நாற்பத்து நான்கு வயது. செருப்புப் பட்டறையில் சோல் வெட்டுகிறவர். இந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் அவருடைய கத்தியில் வெட்டுப்பட்ட சோலின் மேல் நின்றுதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். நன்றாக வெட்டுவார், ஒரு நூல் பிசகாது. ஆனால் "நீங்க என்ன வேலை?" என்று புது ஆள் யாராவது கேட்டால் "பைக் லைன்ல இருக்கேன்" என்பார். உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். கேட்டால் அஞ்சடி மூணு என்பார். கேட்காவிட்டாலும் சில சமயம் சொல்வார்.

காலையில் முக்குக் கடையில் பன் ரொட்டியைக் காப்பியில் நனைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தால், அது வகுப்பறை. டார்க் என்கிற முறுக்குவிசை என்றால் என்ன, குதிரைத்திறன் என்றால் என்ன, இந்த நாட்டு மழையில் எந்த வண்டியின் போல்ட் முதலில் துருப்பிடிக்கும், எல்லாம் வரும். அவர் பேச்சைக் கேட்டு இதுவரை எட்டுப்பேர் வண்டி வாங்கியிருக்கிறார்கள். எட்டுப்பேரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, இன்னும் ஏழுபேரைச் சேர்த்துக்கொண்டு, டேலியோவுக்குத் தொழில்நுட்ப ஆலோசகர் என்று பட்டம் கொடுத்து, அதை முதுகில் தைத்த கைகளில்லாத கறுப்புச் சட்டையும் கொடுத்தார்கள். அந்தச் சட்டையைத் துவைக்கப் போட அவர் மனைவி செனியா படும் பாடு தனிக்கதை.

இவ்வளவு பெரிய ஆலோசகர் ஓட்டுவது நூற்றுப்பத்து சிசி வண்டி. சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகிறவர்கள் ஓட்டுவது. ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கம் மலைப்பாதையில் ஏறும். உச்சியில் மாட்டு நல்லி எலும்புச் சூப்புக் கடை. கடைசி ஆளாக டேலியோ மூச்சிரைக்க வந்து சேரும்போது நல்லியெல்லாம் உறிஞ்சி முடிந்து, எலும்புகள் தட்டில் காலியாகக் கிடக்கும். ஆறிப்போய் மேலே கொழுப்பு படிந்த சூப்பைக் குடித்துக்கொண்டு, அவர் மற்றவர்களுக்கு வளைவில் எப்படிச் சாய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்.

ஒப்பீட்டுக்காகக் கைப்பேசியில் ஓர் அட்டவணை வைத்திருக்கிறார். நாற்பத்தாறு வரி. ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் சாம்பல். வால்வு சரிபார்ப்பு, சங்கிலியில் எத்தனை கண்ணி, கிளட்ச் கேபிளின் விலை, ஹாரன் சத்தம், தெருநாய் குரைக்கும் அளவு வரை. நாய் விஷயத்தில் சிவப்புக்கு ஒரு மதிப்பெண் குறைவு. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அதை வாங்கிப் படித்தாள் செனியா. அவள் அவரைவிட நான்கு அங்குலம் உயரம். கல்யாணப் படத்தில் அவளை உட்கார வைத்துத்தான் எடுத்திருக்கிறார்கள்.

"டேலியோ, நாய் குரைக்கிறதுகூட எழுதியிருக்க. சீட்டு உயரம் எங்க?"

"அது முக்கியமில்ல."

"யாருக்கு?"

"ஓட்டத் தெரிஞ்சவனுக்கு."

"ஓட்டத் தெரிஞ்சவருக்கு நேத்து மேல் தட்டுல இருந்து சக்கர டப்பாவ எடுத்துக் குடுத்தது யாரு?"

டேலியோ சோற்றைப் பிசைந்தார். விடை தெரியாத கேள்விகளை அவர் அப்படித்தான் பிசைவார்.

உண்மையில் சிவப்புதான் அவருக்கு அளந்து செய்த வண்டி. தாழ்வான சீட்டு, ஒடுங்கிய இடுப்பு, இரண்டு காலும் தரையில் பதியும். போன வருஷம் அதையே முடிவு செய்துவிட்டார். அந்த வாரம் பார்த்து, இணையத்தில் வண்டி விமர்சிக்கும் ஒருவர் வாயெல்லாம் பல்லாகச் சொல்லித் தொலைத்தார்: "குள்ளமா இருக்கிறவங்களுக்கு இதவிட்டா வேற வண்டியே இல்லைங்க." சங்கத்தில் பதினைந்து பேரும் அதைப் பார்த்தார்கள். அதோடு சிவப்பு செத்தது. மறுநாள் காப்பிக் கடையில் டேலியோ ஒற்றை சிலிண்டரின் அதிர்வைப் பற்றி முக்கால் மணிநேரம் பேசினார். விரல் மரத்துப்போகும், பல் ஆடும், சிறுநீரகத்துக்கே ஆகாது.

சாம்பல் உயரம். குள்ளமானவர்கள் உயரமான வண்டியை ஓட்டுவதில்லையா என்றால், ஓட்டுகிறார்கள். சிலர் சஸ்பென்ஷனைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். "வண்டியோட கால வெட்டுறவன் எல்லாம் மனுஷனா?" என்று அவர்களை டேலியோ எப்போதோ திட்டித் தீர்த்தாயிற்று. சிலர் சிக்னலில் ஒரு புட்டத்தைச் சீட்டிலிருந்து இறக்கி ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். "கோழி மாதிரி" என்று அவர்களுக்கும் பெயர் வைத்தாயிற்று. தப்பிக்கும் வாசல் ஒவ்வொன்றையும் அவரே நின்று செங்கல் வைத்து அடைத்தார்.

சங்கத்தின் ஐந்தாம் ஆண்டு விழாவுக்கு விரைவுச்சாலை வழியாக வடக்கே போவதென்று முடிவானது. சங்கத் தலைவர் பெபோட், டேலியோவின் மூத்த மகனுக்கு ஞானத்தகப்பன். அந்த முறையில் இருவரும் ஒருவரையொருவர் கும்பாரே என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுவதில்தான் அன்பு, பெபோட்டின் நாக்கு கத்தி.

"இங்க பாரு கும்பாரே, உன் காய்கறி வண்டிய அங்க உள்ளயே விடமாட்டான். அடுத்த மாசத்துக்குள்ள நானூறு வந்தா நீ ஆலோசகர். இல்லன்னா சட்டையக் கழட்டிக் குடு, என் மச்சான் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருக்கான்."

"அவன் டயருக்குக் காத்து அடிக்கவே பயப்படுறவனாச்சே!"

"ஆனா வண்டி வெச்சிருக்கான்ல?"

அன்று மதியம் டேலியோ பட்டறையில் சாப்பிடவில்லை. எல்லோரும் வெளியே போன நேரம் பார்த்துத் தனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் தைக்கத் தொடங்கினார். உள்ளே கார்க் அட்டை, வெளியே ரப்பர், இரண்டும் சேர்த்து நான்கு விரல் கனம். பக்கவாட்டில் பார்த்தால் சாதாரண பூட்ஸ்தான். வாழ்க்கையில் அவர் செய்ததிலேயே நேர்த்தியான வேலை அதுதான். அதை யாருக்கும் காட்ட முடியாது. மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது ஐந்தடி மூன்றையும் தாண்டியிருந்தார். அந்த மனுஷனுக்குக் கண் கலங்கியது என்றால் சிரிக்கக்கூடாது.

சனிக்கிழமை ஷோரூமுக்குப் போய்ச் சாம்பலின் மேல் காலைத் தூக்கிப் போட்டார். ரோவேனாவின் கையிலிருந்த துணி நழுவியது. இரண்டு பாதமும் தரையில். கூட வந்த பெபோட் படம் எடுத்தார், யாரோ கைதட்டினார்கள், டேலியோ இறங்காமலேயே, டாங்கின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

நாற்பத்தாறு வரி எழுதியவர் ஒன்றை மறந்துவிட்டார். முதல் கியரை மிதித்துப் போடலாம். இரண்டாவது கியருக்குக் கால் நுனியை லீவருக்குக் கீழே நுழைத்துத் தூக்க வேண்டும். நான்கு விரல் சோல் அந்தச் சந்துக்குள் நுழையவே இல்லை. ஷோரூமிலிருந்து வீடு வரை மூன்று கிலோமீட்டர், புத்தம்புது இரட்டை சிலிண்டர் முதல் கியரிலேயே அலறிக்கொண்டு போனது. காப்பிக் கடையே எழுந்து நின்றது.

"கும்பாரே! ஏன்யா அது இப்படி ஊளையிடுது?"

"எஞ்சினப் பழக்குறேன்!" என்று கத்தினார் டேலியோ. "முதல் நாள் இப்படித்தான் ஓட்டணும்! உங்களுக்கெல்லாம் யாரு சொல்லிக்குடுத்தா?"

இதில் கொடுமை, அதை நம்பினார்கள். அடுத்த வாரம் புது வண்டி வாங்கிய பள்ளி வாத்தியார் ஒருவர் முதல் கியரிலேயே ஊரைச் சுற்றியதாகக் கேள்வி.

லீவரைக் கொஞ்சம் தூக்கி வைக்கச் சொன்னால் எந்த மெக்கானிக்கும் ஐந்து நிமிஷத்தில் செய்து தருவார். ஏன் என்று கேட்பாரே! அதனால் பூட்ஸ் கட்டிலுக்கு அடியில் போனது. டேலியோ பழைய ஷூவிலேயே பழகினார். எந்த நடைபாதை எத்தனை அங்குலம், எந்தச் சிக்னலில் காலை ஊன்ற மேடு இருக்கிறது என்று ஊரையே காலால் மனப்பாடம் செய்தார். மீன் கடைக்கு நேர்வழியில் போனால் ஐந்து நிமிஷம், நடைபாதை உள்ள வழியில் போனால் இருபது. இருபதில்தான் போனார்.

"நேராப் போய்ட்டு வந்தா என்ன டேலியோ? மீன் நாறுது" என்றாள் செனியா.

"வண்டிய அனுபவிக்கத் தெரியணும்."

"நீ அனுபவி. மீன நாளைக்கு நான் நடந்து போய் வாங்கிக்கிறேன்."

விழா நாளில் பதினாறு வண்டி. ஆலோசகர் முன்னால் போகவேண்டும் என்றார் பெபோட். விரைவுச்சாலையில் ஏறியதும் டேலியோவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிக்னல் இல்லை, நிறுத்தம் இல்லை, நூறு கிலோமீட்டர் வேகத்தில் யாருடைய காலும் தரையைத் தொட வேண்டியதில்லை. இரண்டு மணிநேரம் வயல்களுக்கு நடுவே பறந்தார். முகம் திறந்த ஹெல்மெட்டுக்குள் பல் முழுக்கத் தெரிந்தது. இரண்டு பூச்சியும் உள்ளே போனது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இரண்டு மணிநேரத்துக்கு அந்த மூன்று வருஷமும் தகும்.

பிறகு வடக்கே, சாலை முடிகிற இடத்தில் சுங்கச்சாவடி வந்தது.

நடைபாதை கிடையாது. சாலை லேசாகப் பின்பக்கம் சரிவு. டேலியோ நியூட்ரலுக்கு வந்தார், இடது கையால் கூண்டின் ஜன்னல் விளிம்பைப் பிடித்தார், வலது கையால் பிரேக்கை இறுக்கினார். வலது கால் பெருவிரல் நுனி எதையோ தேடிக்கொண்டிருந்தது. பார்க்கிறவர்களுக்கு, ஊர்க்காரர் ஒருவர் ஜன்னலில் கை போட்டு நின்று நலம் விசாரிக்கிற மாதிரி இருந்தது.

"பணம் சார்" என்றாள் கூண்டுக்குள் இருந்த பெண்.

"சாப்டியாம்மா?" என்றார் டேலியோ.

"மணி ஒம்பதுதான் சார் ஆகுது. பணம்."

பின்னால் பதினைந்து எஞ்சின்கள் உறுமின. ஒரு ஹாரன். இன்னொரு ஹாரன்.

"கும்பாரே, என்னய்யா பண்ற? பொண்ணு பாக்குறியா?" என்று கத்தினார் பெபோட்.

டேலியோ திரும்பவில்லை. எதிரே தெரியும் மலையைப் பார்த்தபடியே, ஆலோசகர் சட்டையின் நெஞ்சைக் கூண்டுப் பக்கமாக நிமிர்த்தினார். பிறகு எங்கள் ஊரில் இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது எல்லோரும் செய்வதுபோல, உதட்டைக் குவித்து நீட்டி, பணம் இருந்த தன் மேல்பையை அவளுக்குக் காட்டினார்.