மைக்குள் அசைந்த வாய்

பேசுவதற்கு முன்னால் புஷ்பவள்ளி, வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வாள். இடது கன்னத்தை அங்கே திருப்பிக்கொண்டுதான் வாயைத் திறப்பாள். கறிக்கடையானாலும் சரி, துக்க வீடானாலும் சரி. பாவாடை கட்டிய வயதிலிருந்து கல்யாணசுந்தரி இதைக் கவனித்து வந்திருக்கிறாள். பி.ஏ. முடித்த பிறகும் ஏனென்று கேட்கத் தோன்றவில்லை.

அமராவதிபுதூரில் புஷ்பவள்ளியைப் படக்காரம்மா என்பார்கள். பேசாத படங்களின் காலத்தில் மெட்ராஸில் கதாநாயகியாக நடித்தவள். படம் பேசத் தொடங்கியதும் அவளுடைய கரகரத்த குரல் யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. மலையாளத்துப் பக்கம் எங்கேயோ சில வருஷம் இருந்துவிட்டு, மை போட்டுப் பார்க்கும் வித்தையோடு ஊருக்குத் திரும்பினாள். வெற்றிலையில் கறுப்பு மையைத் தடவி உற்றுப் பார்த்தால் அதில் உருவங்கள் ஓடுமாம். களவுபோன மாட்டைக் கேட்டு வந்தார்கள். ஓடிப்போன மகனைக் கேட்டு வந்தார்கள். அவளைக் கேலி பேசியவர்களும் வந்தார்கள்.

கல்யாணசுந்தரியின் அம்மா சின்னத்தாயி மட்டும் அங்கே போனதில்லை. அவள் புருஷன் முத்துக்கருப்பன், யுத்தத்துக்கு முன்னால் மலாயாவில் ஒரு செட்டியார் கடைக்குச் சமையல் வேலைக்குப் போனவர். அப்போது மகள் வயிற்றில். யுத்தம் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கிய பிறகும் ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை. சின்னத்தாயி தாலியைக் கழற்றவில்லை. பூவும் வைத்துக்கொள்ளவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் மகளுக்குக் கல்லலில் மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா நாகநாதன், காபியைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"பொண்ணோட ஆத்தா மணவறையில நிக்கலாமா, கூடாதான்னு ஒரு முடிவச் சொல்லிருங்க. நாளைக்கு நாலு பேரு எங்களத்தான் கேப்பாக."

கோபம் வரவேண்டிய இடம் என்று கல்யாணசுந்தரிக்குத் தெரிந்தது. வரவில்லை. கல்லூரியில் மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கியவள், அம்மா கூப்பிட்டதும் வெற்றிலையை எடுத்துக்கொண்டு படக்காரம்மா வீட்டுக்குப் பின்னாலேயே போனாள்.

அன்றைக்குப் புஷ்பவள்ளி வெளிச்சத்தைத் தேடவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிக்கிறாரு. என்னமோ பேசுறாரு."

"உசுரோடயா?" என்றாள் சின்னத்தாயி.

"படத்துல செத்தவுகளுந்தான் பேசுறாக."

"என்ன சொல்றாக?"

"வாய் அசையுது. சத்தம் வரல."

கல்யாணசுந்தரி குறுக்கிட்டாள். "வாயசைவு உங்களுக்குத் தெரியாதா? அதுதான உங்க தொழிலு."

"அதனாலதான் சொல்றேன், தாயி. வெட்டவெயில்ல நிக்கவச்சுப் படம் எடுப்பாக. ராசாவப் பாத்து உருகுவேன். வாயில வாரது என்ன? கால் சுடுதுடா, வெரசா முடிங்கடான்னு. நான் பேசுனதுன்னு படத்துக்கு நடுவுல எவனோ ஒருத்தன் அட்டையில வேற எழுதிப் போடுவான். அதப் படிச்சுப்புட்டு சனம் அழுகும்."

"மத்தவுகளுக்கெல்லாம் சொல்றீகளே."

"மாட்டுக்கு எழுதலாம். இவ கழுத்துக்கு நான் அட்டை எழுத மாட்டேன்." இலையை மடித்து வைத்துவிட்டுச் சின்னத்தாயியைப் பார்த்தாள். "அமாவாசைக்கு வா. நிதானமாப் பாத்துக் கட்டாயம் சொல்றேன்."

அமாவாசைக்கு முன்பே புஷ்பவள்ளி காய்ச்சலில் போய்விட்டாள். பாடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்றேன்னீகளே" என்று மட்டும் சின்னத்தாயி கேட்டாள். அழவில்லை. கல்யாணசுந்தரிக்கும் அழுகை வரவில்லை.

கல்யாணத்தில் சித்தப்பா குழந்தைவேலுவும் சித்தியும் தாரை வார்த்தார்கள். அம்மா சமையற்கட்டு வாசலில் நின்றாள். மேளச் சத்தத்தில் அவள் வாய் அசைவது மணவறையிலிருந்து தெரிந்தது. வாழ்த்தா, அரிசி போதவில்லை என்று யாரிடமாவது சொல்கிறாளா, கல்யாணசுந்தரியால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு கேட்கவும் இல்லை.

எழுபத்திரண்டாம் வருஷம் சின்னத்தாயிக்குக் கண் ஆபரேஷன். உடம்பிலுள்ள நகையையெல்லாம் கழற்றிக் கொடுக்கச் சொன்னாள் நர்ஸ். தோட்டைக் கழற்றினாள், வளையலைக் கழற்றினாள். கழுத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

"அதையுந்தாம்மா" என்றாள் நர்ஸ்.

"இதுக்கு ஒருத்தி பதில் சொல்லணும், தாயி. அமாவாசைக்குச் சொல்றேன்னா. இன்னும் சொல்லல."