முதல் வரிசையில் கன்னியாகுமரி

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் பட்டம் வாங்கியவர்கள் யாரும் செய்யாததை அறுபது வயதுக்கு மேல் நான் செய்தேன். கடல் நிலையை அறிவிக்கும் இணையப் பக்கத்தைக் கணினியே திறக்கும். எங்கள் கரைக்கான அலை உயரத்தை மட்டும் எடுத்து, மாலை ஐந்து மணிக்கு மீன் ஏலக்கூடத்து ஒலிபெருக்கியில் சொல்லும். அந்த நிரலை எழுதியவன் நான். சொல்லும் குரலும் என் குரல்தான். 'அலை', 'ஒண்ணு', 'பாயிண்ட்', 'மீட்டர்' என்று தனித்தனியாகப் பேசிப் பதிந்து வைத்திருந்தேன்.

தினமும் நீயே படித்துச் சொல்லலாமே என்பார்கள். நான் பொன்னேரிக்குப் போன நாளில் கடல் லீவு விடுமா?

தமிழில் வரும் வீடியோக்களைப் பார்த்துத்தான் கற்றேன். வலைப்பக்கத்தின் உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் பெட்டிக்குள் பெட்டி. கோண அடைப்புக்குள் ஒரு சொல் பெட்டியைத் திறக்கும். அதே சொல் ஒரு சாய்கோட்டோடு வந்து மூடும். பக்கத்துக்குள் அட்டவணை, அதற்குள் வரிசை, வரிசைக்குள் கட்டம். அதைப் பிரித்துக் கொடுக்கவென்றே யாரோ எழுதிவைத்த நிரல் கட்டு ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. லைப்ரரி என்கிறார்கள். பக்கத்தை அதனிடம் கொடுத்துவிட்டு, எந்த வரிசையில் எந்தக் கட்டம் என்று கேட்டால் எடுத்து நீட்டும்.

அந்தப் பக்கத்தில் மாவட்டங்கள் வடக்கிலிருந்து தெற்காக இருந்தன. எங்கள் திருவள்ளூர் முதலில். 'முதல் வரிசை, மூன்றாம் கட்டம்' என்று எழுதினேன். நான்கு மாதம் பிசகாமல் ஓடியது.

ஒரு மாலை என் குரல் "அலை மூணு மீட்டர்" என்றது. மறுநாள் ஒரு படகும் இறங்கவில்லை. கடலோ குளம்போல் கிடந்தது. பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் பெட்டி பெட்டியாகக் கானாங்கெளுத்தி கொண்டுவந்து இறக்கினார்கள்.

ஊர்த் தலைவரான என் அண்ணன் நேராக வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே ஒரு கூட்டம்.

"இன்னாடா, உன் மிஷினு எந்தக் கடலப் பாத்துச்சு?"

"கடலப் பாக்கல தலைவரே, சட்ட தைக்க மூணு மீட்டர் துணி கேட்டுச்சு" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"ஞாயித்துக்கெழம ஊரு கூடுது. அன்னிக்கு உன் மைக்கக் கழட்டிடுவோம்" என்றார் அண்ணன்.

"அதுக்குள்ள இன்னா தப்புன்னு நான் காட்டலன்னா, நானே ஏணி போட்டுக் கழட்டித் தரேன். இப்ப எல்லாரும் கெளம்புங்க" என்றேன்.

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதை நடத்துபவர்கள் வரிசையைத் தலைகீழாக மாற்றியிருந்தார்கள். இப்போது முதல் வரிசையில் கன்னியாகுமரி. அந்தக் கடலின் மூன்று மீட்டரைத்தான் என் குரல் எங்கள் ஊரில் முழங்கியிருக்கிறது. நிரல் சொன்னபடி செய்தது; எண்ணி எடுக்கச் சொன்னவன் நான். கடலில் தொழில் செய்தவன் எண்ணலாமா?

எழுபதுகளின் கடைசியில் நானும் அண்ணனும் ஒரே கட்டுமரத்தில் போவோம். கடலுக்கடியில் பாறை கிடக்கும் இடத்தில்தான் மீன் கூடும். துடுப்புப் போடுவதை எண்ணியே அங்கே போய்ச் சேருவேன் என்று நான் சவால் விட்டேன். நீரோட்டம் இழுத்தது தெரியாமல் எண்ணி முடித்து, வெறும் மணலில் வலையை விட்டேன். அண்ணன் ஒரு மாதம் சிரித்தார். அதற்குப் பிறகு கரையைப் பார்த்தே போனேன். லைட்ஹவுஸும் அதன் பின்னால் பள்ளிவாசல் மினாரும் ஒன்றாகத் தெரிவது ஒரு கோடு. சவுக்குத்தோப்பின் முனையும் கோயில் கோபுரமும் சேர்வது இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் பாறை.

நிரலையும் அதே மாதிரி மாற்றினேன். 'திருவள்ளூர்' என்ற பெயர் உள்ள கட்டத்தைத் தேடு, அங்கிருந்து அது இருக்கும் வரிசைக்கு ஏறு. 'அலை உயரம்' என்ற தலைப்பு எந்தக் கட்டத்தின் மேல் இருக்கிறது என்று பார். இரண்டும் சந்திக்கும் எண்ணை எடு. இப்படிக் கேட்டாலும் லைப்ரரி கொடுக்கும், நான்தான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கணினியை ஏலக்கூடத்துக்கே தூக்கிக்கொண்டு போனேன். பக்கத்தின் நகல் ஒன்றைத் திறந்து வைத்து, "நம்ம வரிசைய எங்க வெக்கட்டும்? நீயே சொல்லு" என்று அண்ணனிடம் கேட்டேன்.

"கடைசில வை."

வைத்தேன். சரியான எண் வந்தது. நடுவில் வைக்கச் சொன்னார். அதுவும் வந்தது.

"லைட்ஹவுஸையும் மினாரையும் சேத்துப் பாக்குற மாதிரிதான்" என்றேன். அண்ணன் தாடையைத் தடவிக்கொண்டார்.

"சரி, நம்ம வரிசையே இல்லன்னா?"

அழித்தேன். நிரல் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ கத்திவிட்டு நின்றது. மீன் கூடையோடு நின்றிருந்த என் மனைவிதான் வாயைத் திறந்தாள்.

"இன்னாய்யா, தெரியலன்னா தெரியலன்னு சொல்லத் தெரியாதா அதுக்கு? உன்ன மாதிரியே வளத்து வெச்சிருக்க!"

ஊரே சிரித்தது. நான் எழுந்து போகவில்லை. எல்லார் முன்னாலும் உட்கார்ந்து நான்கு வரி சேர்த்தேன். பெயரோ தலைப்போ கிடைக்காவிட்டால் எந்த எண்ணையும் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியதை அங்கேயே பதிந்தேன்: "இன்னிக்கு எனக்குத் தெரியல. கடலப் பாத்து முடிவு பண்ணுங்க."

"இந்த வார்த்தைய இவரு வாயால கேக்க எனக்கு முப்பது வருஷம் ஆச்சு" என்றாள் அவள்.

அண்ணன் எழுந்து வேட்டியை உதறினார். "மைக்கு இருக்கட்டும்."

'தெரியல' என்ற அந்த வார்த்தையை ஒலிபெருக்கி இதுவரை இரண்டு முறை சொல்லியிருக்கிறது. இரண்டு முறையும் ஏலக்கூடத்தில் கைதட்டினார்களாம். தட்டட்டும். மற்ற நாளெல்லாம் என் குரலைக் கேட்டுவிட்டுத்தான் வலையைத் தொடுகிறார்கள்.