முடிச்சுக்குள் இருந்த பொக்

கஞ்சி போட்ட புதுத்துணியின் வாடை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. தறி மிஷின் வேலை பழகக் கொரியா போன அப்பா, அங்கேயே கட்டிக்கொண்டு கூட்டிவந்தவள் என் அம்மா. கருமத்தம்பட்டியில் எங்கள் தறிக்கூடத்தில் மிஞ்சும் வெட்டுத்துணிகளை அள்ளிவந்து, தன் வீட்டுப் பெண்கள் தைத்த விதத்திலேயே கையால் இணைத்து, உள்பக்கம் எது வெளிப்பக்கம் எது என்றே தெரியாத சதுரத் துணியாக்கிவிடுவாள். அவர்கள் ஊரில் நல்ல காரியத்துக்குக் கொடுப்பதை அதில்தான் முடிந்து கொடுப்பார்களாம். முடிச்சுக்குள் 'பொக்' தங்கும் என்பாள். கொரிய மொழியில் பொக் என்றால் பாக்கியம்.

எனக்குப் பத்து வயதானபோது அத்தை மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். மாமன் சீர் எங்களுடையது. மூன்று மாதம் உட்கார்ந்து தைத்த துணியில் பட்டுச்சேலையை முடிந்து அம்மா சபையில் வைத்தாள்.

"இதென்னம்மணி, மாமன் சீருக்கு ஒட்டுத்துணியா?" என்றார் அத்தை.

"உள்ள பொக் இருக்குங்க" என்றாள் அம்மா, தனக்கு வந்த தமிழில்.

எங்கள் பக்கத்தில் 'பொக்கு' என்றால் பருப்பில்லாத வெறும் கடலைக்காய். "கடலைக்காயில பொக்கு இருக்கும், சீருலயுமா?" என்று யாரோ கேட்க, பந்தலே சிரித்தது. அப்பா வாசலில் வந்தவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா என் பக்கம் திரும்பி, 'நீ எடுத்துச் சொல்லு' என்று கொரிய மொழியில் கேட்டாள். இரண்டு வார்த்தை போதும். ஆனால் அந்த மொழி எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொண்டால் மற்ற பிள்ளைகள் 'சைனாக்காரி' என்று கிண்டல் செய்வார்களே என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தை சேலையை எடுத்துக்கொண்டார். துணி சமையலுக்குப் போய், குண்டா இறக்கும் கரித்துணியாயிற்று.

போன மாதம் அத்தையே போன் செய்து, "ஏங் கண்ணு, உங்கம்மா தெச்ச மாதிரியே துணி கடையில வந்திருக்குது, அத்தன அழகு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொக் என்றால் என்னவென்று கடகடவென ஒப்பித்தேன். "அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்ல?" என்றார். நியாயமான கேள்வி, அதுதான் ஆத்திரம்.

தறிக்கூடம் இப்போது சிமெண்ட் கிடங்கு. வெட்டுத்துணிக்கு அம்மா ஈரோட்டுக்குப் போகிறாள். சென்ற வாரம் நானும் அவளோடு போனேன். அவள் கேட்டது கடைக்காரருக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல நான் முந்திக்கொண்டு வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கோபமாகக்கூட இல்லை.

"நீ சும்மா இரு கண்ணு. நானே பேசிக்கறேன்."