அம்மா அட்டை போட்ட புத்தகங்கள்

எங்கள் வீட்டில் யாரும் எடுத்துப் படிக்கக் கூடாத புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய இருந்தன. எல்லாம் சித்தப்பாவுடையவை. எல்லாமே பழைய ஆங்கிலத் துப்பறியும் நாவல்கள். முக்கால்வாசிக்குப் பச்சை அட்டை. அலமாரியைத் திறந்தால் நமுத்துப்போன பிஸ்கட் வாசனை வரும்.

சித்தப்பா தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலையில் கதவு பொருத்தும் பகுதியில் வேலை பார்த்தார். சனிக்கிழமை மதியம் ஈப்போவுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். குளித்து, கையை ஈரம் போகத் துடைத்துவிட்டு அலமாரி முன் உட்காருவார். ஒரு புத்தகத்தை எடுத்து, சன்னலை ஒருக்களித்துத் திறப்பது போல் கொஞ்சமாகத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார். முழுதாக விரித்தால் முதுகு உடைந்துவிடுமாம். படிப்பதற்கு வேறு பிரதி வைத்திருந்தார். இது எனக்கு விளங்கவே இல்லை. எங்கள் பள்ளியில் புத்தகம் என்றால் படிப்பதற்கு.

அப்பாவும் அவரும் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தை அதன் முதலாளிகள் விற்று, வீடு கட்ட மனைகளாகப் பிரித்தபோது, மேனேஜர் பங்களாவைக் காலி செய்தார்கள். குப்பை லாரியில் ஏற இருந்த ஒரு பெட்டிப் புத்தகத்தைச் சித்தப்பா கேட்டு வாங்கிக்கொண்டாராம். அதிலிருந்து பிடித்த கிறுக்கு அது. ஒரு நாவல் முதலில் கெட்டி அட்டையில் வரும். பிறகு சாமானியர்கள் ரயிலில் படிக்க மெல்லிய அட்டையில் வரும். அந்த மெல்லிய அட்டைப் பதிப்பின் முதல் அச்சுதான் அவருக்கு வேண்டும். தலைப்புக்குப் பின் பக்கத்தை எனக்குக் காட்டுவார்.

“இதுல வேற வருசம் எதும் போட்டிருக்கா பாரு. இல்லல்ல? அப்ப இதான் மொத அச்சு.”

அம்மாவுக்கு இதில் ஒரே ஒரு வருத்தம்தான். “என்னா தம்பி, ஒரே கதய மூனு தடவ வாங்கியிருக்கே? மொத தடவயே எவன் கொன்னான்னு தெரிஞ்சிரும்லா?”

“இது கதைக்கு இல்ல அண்ணி” என்பார் சித்தப்பா. அம்மா என்னைப் பார்ப்பார். நான் அம்மாவைப் பார்ப்பேன். தாத்தாவும் பாட்டியும் அடுத்தடுத்துப் போன பிறகு, பள்ளிக்கூடச் சட்டையோடு வந்த சித்தப்பாவை வளர்த்தது அம்மா. அதனால் அவருடைய கிறுக்குகளைப் பொறுத்துக்கொள்ளும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்பது போல் நடந்துகொள்வார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஒரு சனிக்கிழமை சாப்பிடும்போது, அடுத்த வாரம் சித்தியவானிலிருந்து ஒருவர் புத்தகம் பார்க்க வருவதாகச் சித்தப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இணையத்தில் இப்படிப் பழைய புத்தகம் சேர்ப்பவர்கள் குழு ஒன்றில் பழக்கமாம். ஆங்கில ஆசிரியையாம்.

“பொண்ணா?” என்றார் அம்மா.

“ம்.”

“யாரு வூட்டுப் பொண்ணு?”

“அவங்க தாத்தா எஸ்டேட்ல டிரெஸ்ஸரா இருந்தவரு. சர்ச்சுக்குப் போறவங்க.”

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர் டிரெஸ்ஸர். அம்மாவின் பெற்றோர் பால்மரம் சீவியவர்கள். டிரெஸ்ஸர் வீட்டுக்குப் போனால் வாசலுக்கு வெளியிலேயே நின்று பேசிவிட்டு வந்தவர்கள். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை அம்மா அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றதை மட்டும் பார்த்தேன்.

“இப்புடி நைஞ்சி போன புத்தகத்தயா அந்தப் பொண்ணுகிட்ட காட்டுறது? நம்மளப் பத்தி என்னா நெனப்பாங்க?”

புத்தகத்துக்கு அட்டை போடுவதில் அம்மாவை மிஞ்ச எங்கள் தாமான் குடியிருப்பில் ஆள் கிடையாது. பள்ளியில் இரவலாகத் தரும் பாடப்புத்தகங்களை ஆண்டு முடிவில் நல்லபடியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டு வரிசையில் பாதிப் பிள்ளைகளுக்கு அம்மாதான் பிளாஸ்டிக் உறை போட்டுத் தருவார். அப்போது பள்ளி விடுமுறை. நாங்கள் இருவரும் காய்கறிப் பாசாருக்குப் பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு பெரிய பிளாஸ்டிக் சுருளும் அகல ஒட்டுநாடாவும் வாங்கி வந்தோம்.

அந்த வாரம் முழுக்க வேலை. கிழிந்த முனைகளுக்கு ஒட்டுநாடா. விரிந்த முதுகுகளுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக ஒட்டுநாடா. பக்கங்களில் யாரோ பென்சிலால் கிறுக்கியிருந்ததை நான் ரப்பரால் அழித்தேன். ஓரம் பிசிறியிருந்த தாள்களை அம்மா கத்தரிக்கோலால் நேராக்கினார். கடைசியாக ஒவ்வொன்றுக்கும் பளபளவென்று பிளாஸ்டிக் உறை. அலமாரி கண்ணாடிக் கடை மாதிரி மின்னியது. அத்தனை சந்தோஷமான விடுமுறை எனக்கு அதற்கு முன் இருந்ததில்லை.

சனிக்கிழமை சித்தப்பா குளித்துவிட்டு வந்ததும், அம்மா எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டு அலமாரிக் கதவைத் திறந்தார்.

சித்தப்பா ஒரு புத்தகத்தை எடுத்தார். கட்டைவிரலால் முதுகை மேலிருந்து கீழாகத் தடவினார். வைத்தார். அடுத்ததை எடுத்தார். வைத்தார்.

“எப்புடி தம்பி?”

சித்தப்பா மூன்றாவதையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“நல்லா இருக்கு அண்ணி” என்றார் சித்தப்பா. “புதுசு மாதிரி இருக்கு.”

“நான் சொன்னேன்லா!” என்று அம்மா அப்பாவின் தோளில் தட்டினார்.

பெட்ரோல் போட்டு வருவதாகச் சொல்லிவிட்டுச் சித்தப்பா வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். கார் வாசலிலேயே நின்றது. எஞ்சின் ஓடவில்லை, அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினார். கண் சிவந்திருந்தது.

“சித்தப்பா, உறையில சுருக்கம் விழுந்திருச்சா?”

“இல்ல கண்ணு. ரொம்ப அழகா போட்டிருக்கீங்க.”

“அப்ப ஏன் அழுவுறீங்க?”

“யாரு அழுதா? தூசிலா. அம்மாகிட்ட போய் ஒளறாத.”

காருக்குள் அத்தனை தூசி எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. இன்றைக்குத் தெரியும். ஒட்டுநாடாவின் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்பாகிவிடும். பிரித்தால் அட்டைப் படமும் கூடவே உரிந்து வரும். ஓரம் வெட்டிய புத்தகத்தைச் சேகரிப்பவர்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். அந்த அலமாரியில் கொலை நடந்திருந்தது. கொலையாளிகள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வந்தார். தானே காரோட்டி, நீலச் சுடிதாரில், நெற்றியில் பொட்டில்லாமல். அம்மா விருந்தாளிக் கோப்பைகளை எடுத்தார். வழக்கமாகப் பேச்சில் இல்லாத பணிவெல்லாம் அம்மாவுக்கு அன்று வந்துவிட்டது. “ஒக்காருங்க, இப்புடி ஃபேனுக்குக் கீழ ஒக்காருங்க.”

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். பிளாஸ்டிக்கைப் பார்த்தார். மெல்லத் திறந்து உள்ளே பார்த்தார். அவர் வாய் கொஞ்சம் திறந்தது. நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தார். அம்மாவுக்குப் பின்னால் நின்ற சித்தப்பா, கொசு விரட்டுவது போல, தலையை ஒருமுறை லேசாக அசைத்தார். வேண்டாம் என்று.

டீச்சர் அம்மாவின் பக்கம் திரும்பினார். அம்மா ஈரமில்லாத கைகளை உடுப்பில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“யாரு அக்கா இப்புடி அட்டை போட்டது?”

“நாந்தாம்மா. இவளும் கூட ஒத்தாசை பண்ணா.”

“ரொம்பப் பொறுமை வேணும்க்கா இதுக்கு.”

அவர் அத்தோடு விடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று, எது எவ்வளவு மோசமாக இருந்தது, நாங்கள் அதை எப்படிச் சரிசெய்தோம் என்று விளக்கினேன். எல்லாவற்றுக்கும் “அப்படியா” என்றார். சித்தப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. “ஒங்க புத்தகத்தையும் கொண்டாங்கம்மா. நான் போட்டுத் தரேன்.”

சித்தப்பாவுக்குத் தேநீர் புரையேறியது.

“கண்டிப்பா கொண்டாரேன்க்கா” என்றார் டீச்சர்.

பெரியவர்கள் இப்படிச் சொல்வதெல்லாம் வாசல்வரைதான் என்று எனக்கு அந்த வயதிலேயே தெரியும். ஆனால் அடுத்த மாதம் அவர் வந்தார். கைப்பையிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரே ஒரு பச்சைப் புத்தகம். அதைக் கண்டதும் சித்தப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“ஏய், இது வேணாம். இத நீ எத்தன வருசமா தேடினே? வேற எதாச்சும் கொண்டாரலாம்லா?”

“அக்காகிட்ட நல்லதத்தானே குடுக்கணும்” என்றார் டீச்சர்.

அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “மேல லேசா விரிஞ்சிருக்கு. நல்ல வேள, இப்பவே கொண்டாந்தே. இப்புடி வா, கீழ ஒக்காரு. இதப் புடிச்சிக்க.”

‘ஒக்காருங்க’ எப்போது ‘ஒக்காரு’ ஆனது என்று யாரும் கவனிக்கவில்லை. டீச்சர் தரையில் சம்மணமிட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். புத்தகத்தின் முதுகை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டார். அம்மா ஒட்டுநாடாவைச் சர்ரென்று இழுத்தபோது அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஊசி போடும்போது நான் மூடுவது போல. திறந்தபோது சிரித்தார்.

“நேரா வந்திருச்சாக்கா?”

“நூல் புடிச்ச மாதிரி!” என்றார் அம்மா.

சித்தப்பாவைக் காணோம். குசினியில் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருந்த ஒரு கண்ணாடிக் கோப்பையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை, இரண்டும் போலிருந்தது. தன் புத்தகத்துக்கு ஒட்டினாலும் அழுகிறார், பிறத்தியார் புத்தகத்துக்கு ஒட்டினாலும் அழுகிறார். அந்தப் பசையின் வாடை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

பொழுது சாயும்முன் டீச்சர் கிளம்பினார். அவர் காரில் ஏறிய பிறகுதான் பார்த்தேன், அந்தப் புத்தகம் சித்தப்பாவின் அலமாரியில் மற்றவற்றோடு நின்றது. அம்மாவும் பார்த்துவிட்டார்.

“மறந்துட்டுப் போவுது பாரு. ஓடு, ஓடு!”

எடுத்துக்கொண்டு ஓடினேன். கார் கேட்டைத் தாண்டியிருந்தது. என்னைக் கண்ணாடியில் பார்த்து நிறுத்தினார்.

“டீச்சர், புத்தகத்த விட்டுட்டீங்க.”

“விடலம்மா. அது அங்கயே இருக்கட்டும்.”

“அப்ப நீங்க எப்புடிப் படிப்பீங்க?”

“நான் இங்க வந்து படிச்சிக்கிறேன்.”

கார் முனையில் திரும்பி மறைந்தது. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றேன். வாசலில் சித்தப்பா நின்றிருந்தார். ஒரு கதையைப் படிப்பதற்காகச் சித்தியவானிலிருந்து ஈப்போ வரை யாராவது இவ்வளவு தூரம் வருவார்களா, அதற்கு இதை இப்போதே கையோடு எடுத்துப் போயிருக்கலாமே என்று அவரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே புத்தகத்தை வாங்கி, அலமாரியில் அதே இடத்தில் வைக்கப் போனார். இந்தப் பெரியவர்களுக்கு ஒரு சின்ன விஷயம்கூடத் தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது.